வென்ற தளபதியை ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியது ஏன்?

கேள்வி இது: 1940-இல் ஜெர்மன் விமானப்படையை பிரிட்டன் வானில் முறியடித்த ஏர் சீஃப் மார்ஷல் ஹ்யூ டௌடிங், அந்தப் போர் ஓய்ந்த கையோடு நவம்பரில் பதவியை இழந்தார். அவர் உண்மையில் சாதித்தது என்ன? அவரை நீக்கியது சதியா?

சதி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. பல விமானப் பிரிவுகளை ஒன்றாகத் திரட்டி அடிக்க வேண்டுமா என்ற 'பிக் விங்' தகராறில் எதிராளிகள் சேர்ந்து அவரைக் கவிழ்த்தார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். அவர் பதவி போனதில் பெரிய பங்கு இரவுக் குண்டுவீச்சுக்கு. இதைப் புரிந்துகொள்ள, 1940-இன் நான்கு மாதங்களைவிட அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்ப்பது நல்லது.

டௌடிங் 1882 ஏப்ரல் 24 அன்று ஸ்காட்லாந்தின் மொஃபட்டில் பிறந்தவர். தந்தை அங்கே பள்ளிக்கூடம் நடத்தியவர். 1900-இல் பீரங்கிப் படையில் அதிகாரி. ஜிப்ரால்டர், இலங்கை, ஹாங்காங், பிறகு இந்தியாவில் மலைப் பீரங்கிப் படை என்று சுற்றிவிட்டு, 31 வயதில், 1913 டிசம்பரில், புரூக்லண்ட்ஸில் விமானி சான்றிதழ் வாங்கினார். 'ஸ்டஃபி' என்று பட்டப்பெயர். யாருடனும் ஒட்டாத, சட்டென்று சிரிக்காத ஆள். 1918-இல் மணந்த மனைவி இரண்டே ஆண்டில் இறந்துபோனார். மகன் டெரிக்கைச் சகோதரியின் துணையோடு வளர்த்தார். அந்த மகன் 1940-இல் அப்பாவின் கட்டளையின் கீழேயே 74-ஆம் ஸ்குவாட்ரனில் (ஸ்குவாட்ரன் என்பது விமானப்படையின் ஒரு சிறு பிரிவு) ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டினார்.

முதல் உலகப்போர்க் காலத்தில் இரண்டு விஷயங்கள் பின்னால் பயன்பட்டன. 1915-இல் புரூக்லண்ட்ஸில் வயர்லெஸ் சோதனைப் பிரிவை நடத்தினார். பறக்கும் விமானத்துடன் குரலில் பேச முடியும் என்பதை அங்கேயே கண்டார். 1916-இல் சோம் போரின்போது, நொந்துபோன ஒரு ஸ்குவாட்ரனை முன்னணியிலிருந்து விலக்கி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரி டிரென்சார்டிடம் மல்லுக்கு நின்றார். ஸ்குவாட்ரனுக்கு ஓய்வு கிடைத்தது. டௌடிங் பயிற்சிப் பணிக்கு இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார்.

1930 செப்டம்பரில் விமான அமைச்சகக் குழுவில் தளவாட, ஆராய்ச்சிப் பொறுப்பு கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆர்-101 என்ற வான்கப்பலை, முழுச் சோதனை முடிக்காமலே இந்தியாவுக்குக் கிளப்ப அரசியல் அவசரம். நிபுணர்கள் சரி என்றார்கள், இவரும் ஒப்புக்கொண்டார். அக்டோபர் 5 அன்று பிரான்ஸில் போவே அருகே அது விழுந்து எரிந்தது. கப்பலில் இருந்த 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். இன்னும் சோதிக்கச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே சொன்னார். அதன் பிறகு எதையும் கண்ணால் பார்க்காமல் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

1935-இல் ராபர்ட் வாட்சன்-வாட், ரேடியோ அலை விமானத்தில் பட்டுத் திரும்பும், அதை வைத்து விமானத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று கணக்கோடு வந்தார். பின்னால் ரேடார் என்று பெயர் பெற்றது இதுதான். 10,000 பவுண்ட் வேண்டும். கணக்கு அழகாக இருக்கிறது, முதலில் செய்து காட்டுங்கள் என்றார் டௌடிங். பிப்ரவரி 26 அன்று டேவென்ட்ரியில் பிபிசியின் சிற்றலை நிலையம் அலையை அனுப்ப, ஒரு வயலில் நிறுத்திய வண்டிக்குள் ஏற்பிக் கருவி. மேலே ஹெய்ஃபோர்ட் குண்டுவீச்சு விமானம் வந்துபோனது. சுமார் 8 மைல் தூரம்வரை அதைத் தொடர முடிந்தது. பணம் வந்தது. ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானங்கள் இரண்டும் பிறந்ததும் இவருடைய காலத்தில்தான். ஆனால் அவற்றை இவர் 'உருவாக்கினார்' என்று எழுதுவது மிகை: வடிவமைத்தவர்கள் சிட்னி கேமும் மிட்செலும், எட்டுத் துப்பாக்கி வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ரால்ஃப் சோர்லி. ஒரு துப்பாக்கிக்குச் சுமார் 300 தோட்டா. விசையை அழுத்தினால் ஏறக்குறைய 15 விநாடியில் தீர்ந்துவிடும். வேகமான குண்டுவீச்சு விமானம் ஓரிரு விநாடிதான் குறியில் நிற்கும் என்பதால், அந்த ஓரிரு விநாடியில் எவ்வளவு ஈயத்தைக் கொட்டுகிறோம் என்பதே கேள்வியாக இருந்தது.

1936 ஜூலை 14 அன்று, நாட்டைக் காக்கும் போர் விமானங்களுக்கான தனிப் படையான ஃபைட்டர் கமாண்ட் தொடங்கியது. தலைமையகம் லண்டனுக்கு வடமேற்கே பெண்ட்லி பிரையரி மாளிகை. முதல் தளபதி டௌடிங். மழைக்காலத்தில் புல்தரையில் விமானம் புதைகிறது, கெட்டியான ஓடுபாதை போடுங்கள் என்று கேட்டார். விமானியின் முன்கண்ணாடி குண்டு துளைக்காததாக இருக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் சிரித்தார்கள். சிகாகோ ரவுடியின் காருக்குக் கிடைப்பது என் விமானிக்குக் கிடைக்காதா என்று திருப்பிக் கேட்டார். கிடைத்தது.

ஆனால் அவருடைய முதன்மையான படைப்பு விமானமும் இல்லை, ரேடாரும் இல்லை. ரேடார் ஜெர்மானியரிடமும் இருந்தது, சில வகைகளில் இதைவிடச் சிறந்ததே. அவர்களிடம் இல்லாதது, ரேடாரில் தெரிந்ததை நான்கைந்து நிமிடத்துக்குள் ஆகாயத்தில் இருக்கும் விமானியின் காதுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. அது இப்படி நடந்தது.

கரையோரமாகப் போர் தொடங்கும்போது சுமார் 20 'செயின் ஹோம்' நிலையங்கள். அலையை அனுப்ப 360 அடி எஃகுக் கோபுரங்கள், வாங்க 240 அடி மரக் கோபுரங்கள். இந்த ரேடார் தூரத்தைத் துல்லியமாகச் சொல்லும், திசையில் தடுமாறும், உயரமும் எண்ணிக்கையும் திரையைப் படிக்கும் பெண்ணின் அனுபவத்தைப் பொறுத்தது. தாழப் பறப்பதைப் பிடிக்காது என்பதால் 'செயின் ஹோம் லோ' என்று இன்னொரு வரிசை. எல்லா நிலையங்களும் தொலைபேசியில் பெண்ட்லி பிரையரியில் உள்ள ஃபில்டர் அறைக்குச் சொல்லும். அங்கே மேசைமேல் வரைபடம். ஒரே கூட்டத்தை மூன்று நிலையங்கள் மூன்று இடத்தில் காட்டும். ஃபில்டர் அதிகாரி, திசையை ஒதுக்கிவிட்டு, இரண்டு நிலையங்கள் சொன்ன தூரங்களை வில்லாக வெட்டவிட்டு, வெட்டும் புள்ளியை எடுத்துக்கொள்வார். வடிகட்டிய அந்த ஒரே தடம்தான் தலைமையகம், குரூப் (ஒரு பெரிய பகுதி), செக்டர் (அதன் உட்பிரிவு) என்று மூன்று மட்டத்துக்கும் ஒரே நேரத்தில் ஒப்பிக்கப்படும். கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ரேடார் குருடு, ஏனென்றால் அது கடலை மட்டுமே பார்த்தது. அங்கிருந்து அப்சர்வர் கோர்: சுமார் 1,000 காவல் இடங்கள், 30,000 பேர், தொலைநோக்கி, ஒரு கோணமானி, தொலைபேசி.

சண்டையை நடத்தும் செயல் அறையின் சுவரில் ஒரு கடிகாரம். முகத்தில் ஐந்து ஐந்து நிமிடமாக சிவப்பு, மஞ்சள், நீலம். மேசையில் அம்புக்குறி வைக்கும் பெண், அந்த நேரத்தில் முள் எந்த நிறத்தில் நிற்கிறதோ அந்த நிற அம்பைத்தான் வைக்க வேண்டும். மேலே மாடத்திலிருந்து பார்க்கும் கட்டுப்பாட்டாளருக்கு, இந்தத் தகவல் புதிதா பழையதா என்று யாரையும் கேட்காமலே தெரியும். 15 நிமிடத்துக்கு மேல் பழசானது மேசையில் இருக்கக் கூடாது.

நம்முடைய, அதாவது பிரிட்டிஷ், விமானம் எங்கே என்பதற்கு வேறொரு வழி. விமானத்தின் வயர்லெஸ் ஒவ்வொரு நிமிடமும் 14 விநாடி தானாகவே ஒரு ஒலியை அனுப்பும். 'பிப்-ஸ்குவீக்' என்று பெயர். மூன்று திசைகாட்டி நிலையங்கள் அதைப் பிடித்துக் கோடு போட, வெட்டும் இடத்தில் ஸ்குவாட்ரன். அந்த 14 விநாடியும் அந்த விமானி பேச முடியாது. பிறகு எதிரியை மறிக்கும் திசையைச் சொல்ல வேண்டும். 1936-37-இல் பிகின் ஹில்லில் நடந்த சோதனைகளில் விஞ்ஞானி ஹென்றி டிசார்ட் ஒரு எளிய வழி சொன்னார்: நமக்கும் எதிரிக்கும் இடையே ஒரு கோடு, அந்தக் கோட்டோடு எதிரி செய்யும் கோணத்தையே நாமும் செய்து பறந்தால் இருசமபக்க முக்கோணத்தின் உச்சியில் சந்திப்போம். நம் வேகம் அதிகம், ஆகவே முன்னாலேயே போய் நிற்போம். இதைப் பழகிய கட்டுப்பாட்டாளர் கண்ணாலேயே கணித்துவிடுவார்.

இதில் எது கெடும் என்பது போர் தொடங்கிய மூன்று நாளிலேயே தெரிந்தது. 1939 செப்டம்பர் 6: ரேடாருக்கு முன்னால் இருப்பதா பின்னால் இருப்பதா என்று பிரித்தறியும் வசதி பிசகியது, பின்னால் நிலத்தின்மேல் பறந்த நம் விமானங்கள் கடலிலிருந்து வரும் எதிரிகளாகத் தெரிந்தன. அவற்றை மறிக்க மேலும் விமானங்கள் ஏற, 'எதிரி' எண்ணிக்கையும் ஏறியது. 74-ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர்கள் 56-ஆம் ஸ்குவாட்ரனின் இரண்டு ஹரிக்கேன்களைச் சுட்டுவீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். நம் விமானத்தை அடையாளம் காட்டும் கருவியைப் பொருத்தும் வேலை அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. இன்னொரு ஓட்டை கடைசிவரை அடைபடவில்லை. பெண்ட்லி பிரையரிக்கும், தென்கிழக்குக் குரூப்பின் தலைமையகமான அக்ஸ்பிரிட்ஜுக்கும் நிலத்தடி அறை கட்டியவர்கள், செக்டர் தளங்களின் செயல் அறைகளைத் தரைமேல் சாதாரணக் கட்டிடத்தில் விட்டுவிட்டார்கள். 1940 ஆகஸ்டில் கென்லியும் பிகின் ஹில்லும் அடிவாங்கியபோது அதன் விலை தெரிந்தது. கென்லியின் செயல் அறை கேட்டரமில் இருந்த ஒரு இறைச்சிக் கடைக்கு மாறியது.

ரேடார் மட்டும் போதாது என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பின்மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ரத்மலானையின் ஹரிக்கேன்களுக்கு முன்னெச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எதிரி தலைக்குமேல் இருக்கும்போதுதான் அவை கிளம்பின. நான்கு நாள் கழித்து திருகோணமலையில் ரேடார் தொலைவிலேயே பிடித்தது, செய்தியும் போய்ச் சேர்ந்தது, ஹரிக்கேன்கள் எதிரி வருமுன் மேலே இருந்தன.

இனி 1940. உள்நாட்டுப் பாதுகாப்புக்கு 52 ஸ்குவாட்ரன் தேவை என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டிருந்தது. மே 10-க்குப் பிறகு பிரான்ஸ் சரியச் சரிய ஹரிக்கேன்கள் அங்கே போய்க்கொண்டே இருந்தன. கையில் மிஞ்சியது 36 ஸ்குவாட்ரனுக்குச் சமம். மே 15 அன்று போர் அமைச்சரவையில் அவர் நேரில் வாதாடினார். சர்ச்சில் முன்னால் வரைபடத்தாளை வைத்தார், ராஜினாமா மிரட்டல் விட்டார் என்றெல்லாம் கதைகள் உண்டு. அவற்றை நம்பி எழுதாமல் இருப்பதே நல்லது. உறுதியாகக் கையில் இருப்பது மறுநாள் அவர் எழுதிய கடிதம். பத்துப் பத்திகள், எண் போட்டு. பிரான்ஸைக் காப்பாற்றும் கடைசி முயற்சியில் உள்நாட்டுப் படையைக் கரைத்தால், பிரான்ஸின் தோல்வி இந்த நாட்டின் முழுமையான, மீளமுடியாத தோல்வியாகவே முடியும் என்பது அதன் கடைசி வரியின் சாரம். சில நாளில் சர்ச்சில், இனி ஒரு ஸ்குவாட்ரனும் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவிட்டார்.

ஜூலை முதல் அக்டோபர் வரை அன்றாடச் சண்டையை நடத்தியவர் டௌடிங் அல்ல. தென்கிழக்கைக் காத்த 11-ஆம் குரூப்பின் தளபதி, நியூசிலாந்துக்காரர் கீத் பார்க். டௌடிங்கின் வேலை பார்க்குக்குப் புது ஸ்குவாட்ரன்களைக் கொடுப்பது, களைத்தவற்றை வடக்கே இழுப்பது, முக்கியமாக வடக்கைக் காலி செய்யாமல் இருப்பது. ஆகஸ்ட் 15 அன்று நார்வேயிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மன் விமானங்கள் வடகிழக்குக் கரைக்கு வந்தன, எல்லா ஸ்பிட்ஃபயரும் தெற்கில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில். செம்மையாக வாங்கிக்கொண்டு போனார்கள். பகலில் அந்தப் பக்கம் பெரிய அளவில் மறுபடி தலைகாட்டவில்லை. அதற்கு மூன்று நாள் முன்புதான் டோவர், ரை, பெவன்ஸி, வென்ட்னர் ரேடார் நிலையங்களைத் தாக்கியிருந்தார்கள். கம்பிப் பின்னல் கோபுரங்களுக்கு இடையே குண்டின் வெடிவீச்சு புகுந்து வெளியேறியது. முதல் மூன்றும் சில மணி நேரத்தில் மீண்டன, வென்ட்னர் மட்டும் நாள்கணக்கில் படுத்தது. பயனில்லை என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் அந்தத் தாக்குதலைக் கைவிட்டது அவர் செய்த பெரிய தவறுகளில் ஒன்று.

செப்டம்பர் தொடக்கத்தில் விமானங்களுக்குப் பஞ்சமில்லை, விமானிகளுக்குத்தான். ஓய்வெடுத்த புது ஸ்குவாட்ரனை முழுதாக முன்னணிக்கு அனுப்பினால், பழக்கமில்லாத அவர்கள் முதல் வாரத்திலேயே அழிந்தார்கள். ஆகவே செப்டம்பர் 8-இல் ஏ, பி, சி என்று பிரித்தார். ஏ பிரிவு 11-ஆம் குரூப்பில், முழுப் பலத்தோடு. சி பிரிவு அமைதியான பகுதியில், அனுபவசாலிகள் ஐந்தாறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு புதியவர்களைப் பழக்கி ஏ பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஸ்குவாட்ரன் என்ற குடும்ப உணர்வை உடைக்கும் ஏற்பாடு இது என்று அவருக்கே தெரியும். வேறு வழியில்லாமல்தான் செய்தார். சோம் போரில் கேட்டதை இப்போது முழுதாகக் கொடுக்க முடியாத நிலை.

அவர் தவறு செய்யாதவர் இல்லை. துப்பாக்கிகளின் குறி 400 கஜத்தில் பரவலாகக் குவிய வேண்டும் என்பது கமாண்டின் விதி. அந்தத் தூரத்தில் சுட்டால் எதிரி ஓட்டைகளோடு வீடு போய்ச் சேர்ந்தான். அனுபவசாலிகள் தாங்களாகவே 250 கஜத்துக்குத் திருத்திக்கொண்டார்கள். மூன்று மூன்றாக நெருங்கிப் பறக்கும் அமைப்பு, எதிரியின் போர் விமானம் துணைக்கு வராது என்ற அனுமானத்தில் எழுதியது. ஜெர்மானியர் நான்கு நான்காக விரிந்து பறந்தார்கள். இதையெல்லாம் தலைமையகம் மெதுவாகத்தான் மாற்றியது.

பிக் விங் விஷயத்துக்கு வருவோம். 12-ஆம் குரூப்பின் தளபதி லீ-மல்லோரி. அவருக்குக் கீழ் ஸ்குவாட்ரன் லீடர் டக்ளஸ் பேடர். ஒன்றிரண்டு ஸ்குவாட்ரனாக அனுப்பாமல் மூன்று, ஐந்து ஸ்குவாட்ரன்களை டக்ஸ்ஃபோர்டில் சேர்த்து ஒரே அடியாக அடிக்க வேண்டும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நேரம்தான் இடித்தது. 20,000 அடி ஏற ஸ்பிட்ஃபயருக்கு ஏறக்குறைய 13 நிமிடம், ஹரிக்கேனுக்கு 16. ஐந்து ஸ்குவாட்ரன் மேலே கூடி வரிசைப்படும் நேரம் அதற்கு மேல். கென்ட் கரைக்கும் பார்க்கின் தளங்களுக்கும் நடுவே அந்த அவகாசம் கிடையாது. 11-ஆம் குரூப்பின் விமானங்கள் மேலே இருக்கும்போது அதன் தளங்களைக் காப்பதே 12-இன் வேலை. விங் சேர்ந்து வருவதற்குள் தளத்தில் குண்டு விழுந்திருக்கும். மறுபக்கம், விங் சுட்டதாகச் சொன்ன கணக்கு பிரமாதமாக இருந்தது. ஒரே இடத்தில் 60 விமானம் சுட்டால் விழுந்த ஒன்றை நான்கு பேர் தன் கணக்கில் எழுதுவார்கள். செப்டம்பர் 15 அன்று மொத்தமாக 185 என்று அறிவித்தார்கள். உண்மையில் விழுந்தவை ஏறக்குறைய 60.

டௌடிங் இங்கே சறுக்கினார் என்பது என் கருத்து. இரண்டு தளபதிகளையும் ஓர் அறையில் உட்காரவைத்து, இதுதான் உத்தரவு என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். சொல்லவில்லை. குரூப் தளபதிகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார். பேடரின் ஸ்குவாட்ரன் அட்ஜுடன்ட் (நிர்வாக அதிகாரி) நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. விஷயம் அவர் வழியாக அமைச்சகத்துக்கும் சர்ச்சில் வரைக்கும் போனது. அக்டோபர் 17 அன்று அமைச்சகத்தின் மூத்த விமானப்படை அதிகாரி ஷோல்டோ டக்ளஸ் தலைமையில் கூட்டம். ஏர் மார்ஷல்கள் நடுவே பேடரை உட்காரவைத்திருந்தார்கள். பார்க்கின் ஸ்குவாட்ரன் தலைவர் ஒருவர்கூட இல்லை. கூட்டக் குறிப்பில் பார்க் கேட்ட திருத்தங்களும் ஏறவில்லை.

ஆனால் இது மட்டும் என்றால் டௌடிங் தப்பித்திருப்பார். ஜூலையில் சர்ச்சிலே அவருக்காக எழுதிக் கொடுத்திருந்தார். செப்டம்பர் 7-லிருந்து லண்டன்மேல் தொடர்ந்து 57 இரவு குண்டு விழுந்தது, ஃபைட்டர் கமாண்ட் கிட்டத்தட்ட எதையும் வீழ்த்தவில்லை. மக்கள் கேட்டார்கள், அமைச்சர்கள் கேட்டார்கள். முன்னாள் விமானப்படைத் தலைவர் சால்மண்ட் தலைமையில் ஒரு குழு. ஹரிக்கேன்களை இரவில் பறக்கவிடு என்றது அமைச்சகம். ரேடார் இல்லாத ஒற்றை இருக்கை விமானம் இரவில் எதையும் கண்டுபிடிக்காது, விபத்தில்தான் முடியும் என்று டௌடிங் முரண்டு பிடித்தார். விமானத்துக்குள்ளேயே ரேடார் வைத்த போஃபைட்டர் வரும்வரை பொறுங்கள் என்றார். தொழில்நுட்பத்தில் அவர் சொன்னதே சரி. அந்த ரேடாருக்கு ஒரு தொல்லை: தரையில் பட்டுத் திரும்பும் அலை, விமானம் பறக்கும் உயரத்துக்கு அப்பால் உள்ள எல்லாவற்றையும் மறைத்துவிடும். 15,000 அடியில் பறந்தால் மூன்று மைலுக்குள் இருப்பதுதான் தெரியும். அந்த மூன்று மைலுக்குள் கொண்டுபோய் விடத் தரையிலிருந்து வழிகாட்ட வேண்டும். கடலை மட்டும் பார்க்கும் செயின் ஹோமால் அது முடியாது. நிலத்தின்மேல் சுழன்று பார்க்கும் புது ரேடார்கள் 1941 தொடக்கத்தில்தான் போதுமான எண்ணிக்கையில் வந்தன. அவகாசம் கேட்டவரிடம் அவகாசம் இல்லை. நவம்பர் 14 இரவில் கோவென்ட்ரி எரிந்தது. நவம்பர் 19-20 இரவில் போஃபைட்டர் ரேடார் துணையோடு தன் முதல் விமானத்தை வீழ்த்தியது. நவம்பர் 25 அன்று டௌடிங் பெண்ட்லி பிரையரியை விட்டுப் போனார். நீக்கும் முடிவு அதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

வயது 58. ஓய்வு நாளை 1939-லிருந்தே பலமுறை குறித்துக் குறித்துத் தள்ளிப்போட்டிருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எப்படியும் நீண்ட நாள் இருந்திருக்க மாட்டார். அசிங்கமானது போன விதம். இடத்துக்கு வந்தவர் ஷோல்டோ டக்ளஸ். டிசம்பரில் பார்க்கும் மாற்றப்பட, அங்கே லீ-மல்லோரி. 1941 மார்ச்சில் அமைச்சகம் இந்தப் போரைப் பற்றிச் சிறு நூல் வெளியிட்டபோது டௌடிங்கின் பெயரே அதில் இல்லை, சர்ச்சில் கோபித்துக்கொண்டார். பார்க் பிறகு மால்டாவைக் காத்தார், 1945-இல் தென்கிழக்கு ஆசியாவின் நேச நாட்டு விமானப்படைத் தளபதியாகக் கண்டியில் இருந்தார்.

டௌடிங்கை அமெரிக்காவுக்குத் தளவாடத் தூதாக அனுப்பினார்கள். அந்த வேலை அவருக்குச் சற்றும் ஒத்துவரவில்லை. 1942 ஜூலையில் ஓய்வு, 1943-இல் பிரபு பட்டம். மார்ஷல் ஆஃப் தி ராயல் ஏர் ஃபோர்ஸ் என்ற உச்சப் பதவி ஷோல்டோ டக்ளஸுக்குக் கிடைத்தது, இவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பிற்காலத்தில் ஆவியுலக நம்பிக்கையில் ஆழ்ந்தார், புலாலைக் கைவிட்டார், பிரபுக்கள் சபையில் விலங்கு வதைக்கு எதிராகப் பேசினார். 1970 பிப்ரவரி 15 அன்று இறந்தார். அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ளது.

இதையெல்லாம் அவர் வாயாலேயே அறிய வேண்டுமானால், 1941-இல் அவர் எழுதிய அதிகாரபூர்வ அறிக்கை இருக்கிறது. 1946 செப்டம்பர் 11 அன்று லண்டன் கெஸட்டில் வெளியானது. யாரையும் திட்டாத, வறண்ட நடை. இரவுச் சண்டையைப் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள்.